ஆற்றோர வேலிக்கு எத்தனை தூண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எல்லா அளவிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். கடிதம் வீட்டு விலாசத்துக்கு வராமல் உன் ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, பயப்படும்படி இருந்தால் முழுவதும் படித்த பிறகு பயப்படு. வீட்டுக்கு அனுப்பினால் குழந்தை கையில் கிடைத்துவிடும், அவள் போனில் பாட்டியிடம் தாத்தா லெட்டர் போட்டிருக்கார் என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவாள். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். உன் அம்மா போனை மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துத்தான் பேசுவாள், நான் தனியாக எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் யாருக்கு என்ன ஆச்சு என்று பின்னாலேயே வந்து நிற்பாள். அதனால் எழுதுகிறேன். குழந்தைக்கு இருமல் நின்றதா, அந்த ஊர்க் குளிருக்கு ஜன்னலை முழுக்க அடைத்து வைக்காமல் பகலில் கொஞ்ச நேரமாவது திறந்து வை. மாப்பிள்ளை மறுபடியும் ராத்திரி வேலைக்கு மாறிவிட்டதாகச் சொன்னாய், தூங்காமல் வண்டி ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், நான் நேரில் சொன்னால் சரிங்க மாமா என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், நீ சொன்னால் கேட்பார்.

நீ கேட்ட வேலிக் கணக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும். கொல்லைத் தோட்டத்தின் ஆற்றோரத்தில் மிளகாய் பறிக்கப் போன அம்மாவுக்குக் கால் சறுக்கி, முழங்கால் வரை கரைக்குக் கீழே தொங்கி, எலுமிச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள் அல்லவா, அன்றைக்கே நீ போனில் அழுதுவிட்டு, அப்பா உடனே வேலி போடுங்க, எத்தனை தூண், எத்தனை சுருள் வலை, எவ்வளவு சிமெண்ட் என்று விவரமாக எழுதி அனுப்புங்க, மாமா லாரியில் ஒரே நடையாகக் கொண்டுவந்து இறக்கச் சொல்கிறேன் என்றாய். ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் முடிகிற வேலை. மழைக்காலமே முடியப் போகிறது, இன்னும் உனக்கு அந்த ஒரு பக்கம் வரவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன், அது பொய் இல்லை, போட்டுக்கொண்டேதான் இருந்தேன். உன் மாமா ஒவ்வொரு தடவை வரும்போதும், அத்தான் கணக்கை முடிக்கிறதுக்குள்ள நடுற தூண் துளிர்விட்டு இலை போட்டுடும் என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. வேலை பார்த்த காலமெல்லாம் மதிப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து, பாலத்துக்கும் மதிலுக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் எவ்வளவு சாமான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். ஆனால் ஒரு தடவைகூட டேப்பை என் கையால் பிடித்ததில்லை, அது வெளிவேலைக்காரர்கள் பாடு. அவர்கள் அளந்து எழுதிக் கொண்டுவருவார்கள், நான் பெருக்கிக் கூட்டுவேன். மேஜைக்கு வந்து சேர்ந்த அளவை நம்பித்தான் பழக்கம், மண்ணில் போய் நின்று பார்த்துப் பழக்கமில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

முதல் தடவை அளந்தபோது அம்மாதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். சமையலறைப் பின்சுவரில் ஆணி அடித்து அதிலிருந்து நான் பிடித்துக்கொள்வேன், அவள் தோட்டத்தைத் தாண்டி ஆற்றோரம் போய் நிற்பாள். சரியாக விளிம்பில் பிடி, இன்னும் கொஞ்சம் பின்னாலே, இன்னும் கொஞ்சம், என்று நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல அவள் குதிகாலை நகர்த்திக்கொண்டே போவாள். எதற்குச் சொல்கிறேன் என்றால், விளிம்பு வரைக்கும் முழுசாக அளந்து அதில் மூன்று அடி கழித்துவிட்டால் அங்கே வேலி வரும், கரைக்கும் வேலிக்கும் நடுவில் மூன்று அடி பாதுகாப்பு இருக்கும் என்பது என் திட்டம். கழித்தது போக எழுபத்து மூன்று அடி வந்தது. குறுக்கே, ஆற்றை ஒட்டி நாற்பத்தெட்டு அடி. ஆற்றுப் பக்கம் சின்னதாக ஒரு கதவு வைக்கச் சொன்னாள் அம்மா, அங்கே எதற்குக் கதவு என்று கேட்டேன், கதவு வைக்கலைன்னா ஆறு எப்படி உள்ள வரும் என்றாள். நான் சிரித்தேன், பாப்பா. அவளுக்கு வாய் எப்போதும் அப்படித்தானே.

எனக்கு ஒரு தடவை அளந்தால் மனசு ஒப்பாது, அது உனக்கே தெரியும், பூட்டைக்கூட இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பவன். கொஞ்ச நாள் கழித்து, நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு மறுபடி அளந்தேன், எழுபத்திரண்டு வந்தது. ஓர் அடி எங்கே போனது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. டேப்பின் மேல் சந்தேகம் வந்தது, பழைய துணி டேப், இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும், நீண்ட டேப்பில் அளந்தால் குறைவாகத்தான் காட்டும். கடைக்குப் போய் இரும்பு டேப் வாங்கி வந்தேன். அதற்குள் இன்னொரு மழை. இரும்பு டேப்பில் எழுபத்தொன்று காட்டியது. அம்மா முனையைத் தளர்த்திப் பிடிக்கிறாளோ என்று நினைத்து அவளிடம் கோபித்துக்கொண்டேன், நான் என்ன கயிறா இழுக்கிறேன், நீங்க சொன்ன இடத்துல நிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு என் மேலேயே சந்தேகம் வந்தது. என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மனிதர்கள் முகமே மறந்து போனதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். எனக்கும் அது ஆரம்பித்துவிட்டதோ, எண்ணைப் பார்த்து வேறு எண்ணை எழுதுகிறேனோ என்று பயம் வந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே சொல்லிப் பார்த்தேன், தப்பில்லாமல் வந்தது, ஆனால் தப்பில்லாமல் வந்ததாக எனக்குத் தோன்றுவதும் அந்த நோயாக இருக்கலாமே என்று வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆபீசில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரே இடத்தை மூன்று பேர் அளந்து மூன்று விதமாக வந்தால் யாரையும் குறை சொல்லாமல் சராசரி எடுத்துக்கொள்வோம், யாருக்கும் மனஸ்தாபம் இராது, வேலையும் நடக்கும். நானும் அப்படியே செய்தேன். எழுபத்து மூன்று, எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, சராசரி எழுபத்திரண்டு. அந்தப் பக்கம் எழுபத்திரண்டு, இந்தப் பக்கம் எழுபத்திரண்டு, நடுவில் நாற்பத்தெட்டு. எட்டு அடிக்கு ஒரு தூண் என்று வைத்தால் பக்கத்துக்கு ஒன்பது இடைவெளி, குறுக்கே ஆறு, மீதியே இல்லாமல் வகுபட்டது. மொத்தம் இருபத்து நான்கு இடைவெளி, இருபத்தைந்து தூண், மூலைக்கு இரண்டாக நான்கு முட்டுத்தூண், ஐம்பது அடிச் சுருளில் நான்கு சுருள் வலை, எட்டு அடி மிச்சம். இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு எனக்கு வேலையில் இருந்தபோதுகூட வந்ததில்லை. கணக்கு அழகாக வந்துவிட்டால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். தூண் வார்க்கிறவருக்குச் சொல்லி அனுப்பினேன், அவரும் வார்த்துக் காயவைத்து, உன் மாமா லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் அடுக்கிவிட்டான். வலைக்கும் சிமெண்டுக்கும் உனக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு மத்தியானம்தான் தூண்காரர் ஆளோடு வந்து ஆற்றுப் பக்கத்து மூலைக்குழி இரண்டையும் தோண்டிவிட்டு, காலையில் வந்து தூணை நிறுத்துகிறோம் என்று போனார்.

காலையில் அவர்தான் முதலில் பார்த்தார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், ஐயா ஒரு நிமிஷம் வாங்க என்று கூப்பிட்டார், குரலில் அவசரமே இல்லை. போய்ப் பார்த்தால் இடது பக்கத்து மூலைக்குழி பாதிதான் இருக்கிறது. குழியின் வீட்டுப் பக்கத்துச் சுவர் நேற்று வெட்டிய மாதிரியே கடப்பாரைத் தடத்தோடு நிற்கிறது, ஆற்றுப் பக்கத்துச் சுவர் இல்லை. குழிக்குள் பார்த்தால் அடிமண் தெரியவில்லை, கீழே ஓடுகிற தண்ணீர் தெரிகிறது. அவர், இன்னைக்கு வேலை வேண்டாம் ஐயா என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே வந்து, சராசரி எடுத்த மூன்று எண்ணையும் அளந்த வரிசைப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். எழுபத்து மூன்று, எழுபத்திரண்டு, எழுபத்தொன்று. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பார்த்தால்கூட இது இறங்கிக்கொண்டே வருகிறது என்று சொல்லிவிடும். துணி டேப் நீளவில்லை, அம்மா தளர்த்திப் பிடிக்கவில்லை, என் மூளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிலம்தான் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. போன வருஷம் எதிர்க்கரைக்குக் கல் சுவர் கட்டினார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஆறு அங்கே முட்டி இந்தப் பக்கம் திரும்பி அடிமண்ணை அரிக்கிறது. மூன்று எண்ணும் மூன்று விதமாகத் தப்பு என்று நான் நினைத்தேன், மூன்றும் சரி. சரியான மூன்றையும் ஒன்றாகக் கலக்கி ஒரு தப்பைச் செய்திருக்கிறேன்.

அதைவிடப் பெரியது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது, பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் அம்மாவைத்தானே ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பில் நிறுத்தினேன். அடியில் மண் இல்லாத இடத்தில் அவளை நிற்கவைத்து, இன்னும் கொஞ்சம் பின்னாலே, இன்னும் கொஞ்சம் என்று இங்கே சுவரோரம் பத்திரமாக நின்றுகொண்டு நானே சொன்னேன். அவள் விழக்கூடாது என்பதற்குத்தானே வேலி.

பின்வாசலில் போய் நின்று தோட்டத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் தினமும் பார்த்ததுதான். ஆற்றோரம் இருந்த மிளகாய்ச் செடி எல்லாம் நடுவுக்கு வந்திருக்கிறது, நடுவில் இருந்த தக்காளி சமையலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ரோஜாத் தொட்டி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அம்மா இடம் மாற்றிக்கொண்டே இருந்ததை நான் பார்த்துத்தான் இருந்தேன், இப்படி நெருக்கி வைத்தால் காய்க்காது என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லி அறிவுரைகூடச் சொன்னேன். அங்கே தனியா நின்னா அதுங்களுக்குப் பயமா இருக்காம், பக்கத்துல வரணும்னு சொல்லுதுங்க என்றாள். கதவு வைக்காவிட்டால் ஆறு எப்படி உள்ளே வரும் என்று கேட்டவளும் இவள்தானே. அவள் வாய்க்கு நான் சிரித்துப் பழகிவிட்டேன், பாப்பா, அதனால் அவள் சொன்னதைக் கேட்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கொல்லைப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாற்பது வருஷத்தில் அவளிடம் நேருக்கு நேராக ஒன்றைக் கேட்பதை நான் எப்போதுமே தள்ளிப்போட்டுவிடுவேன், இந்தத் தடவை கேட்டுவிட்டேன். உனக்கு முன்னாலேயே தெரியுமா என்றேன். எது என்று அவள் கேட்கவில்லை. கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும். உங்ககிட்ட சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க. அவகிட்ட சொன்னா அவ வந்து நம்மளக் கூட்டிட்டுப் போயிடுவா."

தெரிந்துகொண்டு ஏன் அங்கே போய் நின்றாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"நீங்க அளக்கணும்னு ஆசையா இருந்தீங்க. ரிட்டையர் ஆனதுக்கப்புறம் உங்களை இவ்வளவு சந்தோஷமா நான் பாத்ததே இல்ல."

இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

அவள் ஏன் உன்னிடம் வரப் பயப்படுகிறாள் என்பது உனக்குத் தெரியும், உன் மேல் வருத்தம் எதுவும் இல்லை. போன தடவை அங்கே வந்திருந்தபோது கீழ்வீட்டுக்காரர் வந்து மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது என்று சொன்னாராம், அதற்கப்புறம் திரும்பி வருகிற வரைக்கும் நுனிக்காலில் நடந்தாள். இங்கே வந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் தங்கு தங்கென்று ஒரு சுற்று நடந்தாள், நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். அப்படிப்பட்டவளை எப்படிக் கிளப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஒரு யோசனை சொன்னாள். வார்த்த தூணை என்ன செய்வது, தோட்டத்தில் பாதியை ஆற்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பாதிக்கு வேலி போடலாம், பாக்கித் தூணில் அவரைக்கொடி ஏற்றிக்கொள்கிறேன், பாப்பாவிடம் வேலி போட்டாச்சு என்று மட்டும் சொல்லுங்க, மண் விழுந்த கதையெல்லாம் வேண்டாம் என்றாள். நானும் சரி என்றேன். எனக்குச் சரி என்று சொல்வதுதான் எப்போதும் சுலபம். பக்கத்துக்கு நாற்பது அடி, குறுக்கே அதே நாற்பத்தெட்டு, பதினாறு இடைவெளி, பதினேழு தூண். இதுவும் மீதியில்லாமல் வகுபட்டது. இந்தத் தடவை அந்த அழகை நான் நம்பவில்லை.

இருந்தாலும் அளந்து முளை அடிக்கப் போனேன். அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டேப்பின் முனையை ஆணியில் மாட்டிவிட்டு நான் மட்டும் போனேன். நாற்பதாவது அடியில் காய்ந்த சருகு பட்டையாகக் கிடந்தது, செடி வேருக்குப் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்து அதன்மேலேயே முளையை வைத்தேன். சுத்தியலை ஓங்கவே இல்லை, கை அழுத்தத்துக்கே முளை முழுவதும் உள்ளே போய்விட்டது. சருகை விலக்கிப் பார்த்தேன். தரையில் ஒரு வெடிப்பு, விரல் நுழைகிற அகலம், அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரைக்கும் ஆற்றுக்கு இணையாக ஓடுகிறது. அதில் யாரோ பொடிமண்ணைக் கொட்டிக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள், நிரப்ப நிரப்ப அது உள்ளே இறங்கியிருக்கிறது, மேலே சருகைப் போட்டு மூடியிருக்கிறார்கள். யாரோ என்று ஏன் எழுதுகிறேன், இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். விலக்கிய சருகை ஒன்று விடாமல் பழையபடியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருக்கும்.

அந்த வெடிப்புக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவில் நாற்பது அடி இருக்கிறதே, போதாதா என்று நீ கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, எழுதிக்கூடப் பார்த்தேன். ஆனால் மழைக்கு ஓர் அடி என்று போன கரை, முப்பது அடியை ஒரே துண்டாகப் பிரித்துக்கொண்டு நிற்கிறதே, இதற்கு என்ன விகிதம் போடுவது. நின்ற இடத்தில் நிற்கிற பொருளுக்குத்தான் மதிப்பீடு போட முடியும். வெடிப்பு இன்னும் எத்தனை இடத்தில் சருகுக்கு அடியில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கவும் தைரியம் இல்லை. ஆற்று வேலை பார்க்கிற ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் வடிந்த பிறகு ஆள் வந்து அளப்பார்கள் என்றார் அங்கே இருந்த பையன். நானும் ஒரு காலத்தில் அதே மாதிரி மேஜையில் உட்கார்ந்திருந்தவன்தான், அவன்மேல் கோபம் வரவில்லை. வழக்கமாக நான் ஒன்றைச் சரி என்று நினைத்தால் அடுத்த நிமிஷமே இல்லையோ என்று தோன்றும். இந்த வீடு இனி நிற்காது என்கிற ஒரு விஷயத்தில் மட்டும் அப்படித் தோன்றமாட்டேன் என்கிறது. தோன்றினால் நன்றாக இருக்கும் என்று தினமும் காலையில் எழுந்ததும் பின்வாசலுக்குப் போகிறேன், வெடிப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, புதிதாக மண் கொட்டியிருக்கிறது.

உன் மாமாவிடம் மட்டும் சொன்னேன். லாரியை நிறுத்தவே இல்லை, இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, கேட்டு முடித்ததும் நிறுத்தினான். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "வீட்டை லாரியில ஏத்த முடியாது அத்தான், உங்க ரெண்டு பேரையும் ஏத்தலாம். அக்காவை மட்டும் நீங்க சம்மதிக்க வையுங்க" என்றான். அந்த மட்டும் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு அவனே தலையைச் சொறிந்துகொண்டான்.

அதனால் பாப்பா, நீ கேட்ட கணக்கு இதுதான். தூண் வேண்டாம், வலை வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். வேலிக்கு என்று எதுவும் அனுப்பாதே. அதற்குப் பதிலாக நீ ஒரு பொய் சொல்ல வேண்டும். தப்பான எண்ணை ஒரு தடவைகூடத் தெரிந்து எழுதாதவன், என் மகளிடம் இதைக் கேட்கிறேன். உனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, குழந்தையைத் தூக்க முடியவில்லை, மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை, அம்மா ஒரு மாதம் வந்து இருந்தால்தான் ஆகும் என்று சொல். அவளுடைய நல்லதுக்கு என்று நானும் நீயும் எது சொன்னாலும் அவள் இந்த மண்ணை விட்டு ஓர் அடி நகரமாட்டாள். உனக்கு முடியவில்லை என்றால் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுவாள். ஒரு மாதம் என்றே சொல், அதற்கு மேல் சொன்னால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஆரம்பிப்பாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்ன என்பது எனக்குத் தெரியவில்லை, திரும்பி வருவதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்றும் தெரியவில்லை, அதை யோசிக்க ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கீழ்வீட்டுக்காரரிடம் இப்போதே போய்ப் பேசிவை. வயதானவள், கொஞ்சம் சத்தமாக நடப்பாள் என்று சொல்லிவை.

அவளுக்கு நம் பொய் தெரிந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது என்று அங்கே வந்து ஒரு நாளும் கேட்கமாட்டாள் பார். தெரிந்தே வருவாள், தெரியாத மாதிரியே இருப்பாள், எனக்காகவும் உனக்காகவும். அவள் சம்மதிக்கப்போவதுதான் எனக்கு அவள் மறுப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இவ்வளவு வருஷம் சேர்ந்து வாழ்ந்து, அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு இடத்திலிருந்து அவளைப் பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வர முடிகிறது என்னால். வேறு கெட்டிக்காரனாக இருந்தால் வேறு வழி கண்டுபிடித்திருப்பான்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல், கால் ஊன்றுகிற இடமெல்லாம் உறுதியாக இருந்து, நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது வழக்கம்போலத் தோட்டம் எப்படி இருக்கு, என்ன காய்ச்சிருக்கு என்று கேள். கேட்காமல் விட்டால் உடனே புரிந்துகொள்வாள். அவள் எல்லாம் நல்லா இருக்கு, மிளகாய் இந்தத் தடவை நிறைய என்று சொல்வாள். நீயும் சரிம்மா என்று சொல்லிவிடு. அதன் பிறகு, கொஞ்சம் பொறுத்து, உன் முதுகைப் பற்றிச் சொல்.

இப்படிக்கு,
உன்னை என்றும் நினைத்திருக்கும்
அப்பா